உப்புப் படியாத கண்ணாடி

ஜனவரி 6

ஷவர் கதவு இன்றைக்கும் மக்கர் பண்ணியது. மார்லிஸ் உள்ளேயிருந்து இரண்டு கையாலும் இழுத்த பிறகுதான் நகர்ந்தது. நான் அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவுகிறவன் மாதிரி நின்றுகொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன். இந்த வண்டி வீட்டில் நாலு எட்டு வைத்தால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வந்துவிடும். ஒரு பெருமூச்சைக்கூட ஒளித்து வைக்க இடம் கிடையாது.

வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "அந்தக் கதவுக்கு என்ன கேடு எல்டன்? எனக்கு வந்த வியாதி அதுக்கும் வந்திருச்சா?"

சிரித்து வைத்தேன்.

பார்க்கின்சன், நடுக்க வியாதி என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைக் கிளப்பக்கூட விடாமல் என் கையைப் பிடித்து நிபந்தனை போட்டவள் இவள். "நல்லாக் கேட்டுக்கோ. எனக்கு ஊட்டு, செருப்பு மாட்டு, எல்லாம் செய். ஆனா குளிக்கிறது நான்தான். கதவைச் சாத்திக்கிட்டு நானேதான் குளிப்பேன். நீ என்னைக் குளிப்பாட்டுற நிலைமை என்னைக்கு வருதோ, அன்னைக்கு வண்டியை மினசோட்டாவுக்குத் திருப்பு. ஆர்டிஸ் வீட்ல இறக்கிவிட்டுட்டு நீ உன் வழியைப் பாரு. உன் பொண்டாட்டியா இருந்தவ உன் கையில பச்சைக்குழந்தையா இருக்க மாட்டேன்."

ஆர்டிஸ் அவளுடைய அக்கா. அந்த அம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. மினசோட்டாக் குளிரில் இந்த வண்டிக்குள் ஆள் குடியிருக்கவும் முடியாது, குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடும். அதனால் கணக்கு ரொம்பச் சுலபம். அந்தக் கதவு நகர்கிறவரை மார்லிஸ் என்னோடு இருப்பாள்.

நாளைக்கு அதை ஒரு கை பார்க்க வேண்டும்.

ஜனவரி 7

பார்த்துவிட்டேன். ஆயுசு முழுக்கப் பாரவண்டி ஓட்டினவனுக்கு ஒரு கதவு எம்மாத்திரம்? கண்ணாடிக் கதவு இரண்டும் கீழ்ச்சட்டத்துப் பள்ளத்தில் சின்னச் சக்கரங்கள் வைத்து ஓடுகின்றன. அவ்வளவுதான். கருவிப்பெட்டியிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து, பள்ளம் நெடுக ஒரு விரல் கனத்துக்கு அப்பினேன். இழுத்துப் பார்த்தால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போகிறது.

மார்லிஸ் எட்டிப் பார்த்து, "லாரி அச்சு நாத்தம் அடிக்குது," என்றாள்.

"நாத்தத்தைப் பார்க்காதே, நகர்றதைப் பாரு," என்றேன். என்ன ஒரு திமிர் எனக்கு.

ஜனவரி 9

காற்று. நாள் முழுக்கப் புழுதி. ஜன்னல் எல்லாம் மூடியும் காப்பியில் மணல்.

ஜனவரி 10

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பக்கத்து வண்டி ஜெனீவாவோடு வெளியே பந்தலடியில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தேன். ஜெனீவா தனி ஆள், எங்களைப் போலவே குளிர்காலத்துக்கு இந்தப் பாலைவனத்துக்கு வந்து போகிறவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. அவள்தான் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "யோவ், உன் வண்டிக்குள்ள என்னமோ தட்டுது கேளு," என்றாள்.

ஓடினேன். உள்ளே ஷவர் ஓடிக்கொண்டிருந்தது. கதவு அசையவில்லை. பள்ளத்தில் பார்த்தால் கிரீஸும் நேற்றைய புழுதியும் சேர்ந்து கறுப்புக் களியாகி, சக்கரம் அதில் புதைந்து கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மார்லிஸ் முட்டிபோட்டுக் கிடந்தாள். எவ்வளவு நேரமாகத் தட்டினாளோ. சுடுதண்ணீர் தீர்ந்து பச்சைத் தண்ணீர் அவள் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது.

கதவைச் சட்டத்தோடு தூக்கிப் பெயர்த்துத்தான் எடுத்தேன்.

"பார்க்காதே," என்றாள். பல் கிட்டிப்போய் அதைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. துண்டை எறிந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து, "கிரீஸ்தானே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"வெளியே போ எல்டன்."

போனேன். ஜெனீவா சீட்டுக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளே ஒன்றும் கேட்கவில்லை என்றால் என் முகம் எப்படி இருந்திருக்க வேண்டும்.

ஜனவரி 11

முட்டி இரண்டும் நீலம் பாரித்திருக்கின்றன. என்னோடு பேசவில்லை. கோபமா என்று பார்த்தால் கோபம் இல்லை. பயந்துபோயிருக்கிறாள். மார்லிஸ் பயந்து நான் பார்த்ததே இல்லை.

கதவுகளை வெளியே மேஜைமேல் கிடத்திவிட்டு நாள் முழுக்க அந்தப் பள்ளத்தோடு மல்லுக்கட்டினேன். கொதிக்கிற தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, பழைய டூத்பிரஷ். களி வழித்து வழித்து எடுத்தும் வந்துகொண்டே இருந்தது. கண்ணாடியில் இருந்த வெள்ளைப் படிவு வேறு. இந்த ஊர்த் தண்ணீர் சுத்த உப்பு, ஒரு சொட்டுக் காய்ந்தால் ஒரு புள்ளி நிற்கும். வினிகரில் துணியை நனைத்து ஒட்டிவைத்து, ஊறிய பிறகு தேய்த்தேன்.

ஜெனீவா வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். "பாலைவனத்துல கிரீஸ் போட்ட ஒரே புத்திசாலி நீதான்யா. இங்க எண்ணெய் எது பட்டாலும் மண் அதோட குடும்பம் நடத்த வந்துரும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"தெரிஞ்சா முன்னாடியே சொல்றது."

"கேட்டியா? கேட்டியான்னு கேக்குறேன்."

கேட்கவில்லை. ஆண்பிள்ளை நான் எதைக் கேட்டிருக்கிறேன்.

ஜனவரி 12

புதுச் சக்கரங்கள் போட்டேன். எண்ணெய் இல்லாத, தெளித்ததும் காய்ந்துபோகிற ஸ்ப்ரே ஒன்று இருக்கிறது, அதை மட்டும் லேசாக அடித்தேன். வண்டி ஓடும்போது கதவு ஆடாமல் பிடிக்கிற கொக்கி இருக்கிறதே, அதையும் கழற்றிவிட்டேன். அவள் விரலுக்கு அது கடினம்.

"ஒரு விரல் போதும், தள்ளிப் பாரு," என்று அவளைக் கூப்பிட்டேன். சுண்டு விரலால் தொட்டாள். கதவு அந்த முனைவரை போய் நின்றது. நான் கைதட்டாத குறை.

அவள் உள்ளே அந்தத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். "நாளைக்குக் குளிக்கிறேன்."

ஜனவரி 13

குளிக்கவில்லை. தலை வலிக்கிறதாம்.

ஜனவரி 14

குளித்தாள்! புது விதிகளோடு. நான் வண்டிக்குள் இருக்கக் கூடாது. குளித்து முடித்து அரை மணி நேரம் ஆகிறவரை அந்தப் பக்கம் வரக் கூடாது. கண்ணாடியை வைப்பர் போட்டு அவளே வழிப்பாள். "நீ வாசல்ல காவல் நின்னா எனக்குக் கை உதறுது," என்றாள்.

ஜெனீவாவின் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டேன். நின்றது. மறுபடி ஓடியது. சோப்புப் போடும்போது நிறுத்தி, கழுவும்போது திறந்து, வண்டிக்காரர்கள் குளிக்கிற ஒழுங்கான குளியல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெனீவா பார்க்கும்முன் புழுதியைத் திட்டினேன்.

ஜனவரி 19

தினமும் குளிக்கிறாள். நானும் தினமும் என் பூஜையை நடத்துகிறேன். பிரஷால் பள்ளத்தைத் தட்டி எடுக்கிறேன், ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி, கண்ணாடிக்கு வினிகர். கண்ணாடியைப் பார்த்தால் கடையில் வைத்த மாதிரி இருக்கிறது, ஒரு புள்ளி உப்பு இல்லை. பள்ளத்தில் சோப்பு அழுக்குச் சேர்வதே இல்லை, லேசாகத் தூசிதான். கழிவுத் தொட்டிகூட மெதுவாகத்தான் நிரம்புகிறது. எல்லாம் அந்த ஸ்ப்ரேயும் அவளுடைய சிக்கனமும்.

வண்டிகள் நிறுத்துகிற இந்தப் பார்க்கில் நாலு பேரிடம் பெருமை அடித்தாயிற்று. இரண்டு வண்டிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டும் போனார்கள்.

"இனிமே டிக்கெட் போடு," என்றாள் ஜெனீவா.

ஜனவரி 23

ஆர்டிஸ் போன் பண்ணினாள். நான் எடுத்தேன், அதுவே அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னும் தானாத்தான் குளிக்கிறாளா?"

"தினமும்."

"ம். எத்தனை நாளைக்கோ. என் வீட்டுக் குளியலறையில கைப்பிடி வெச்சாச்சு, நாற்காலி வாங்கியாச்சு. நீ பாட்டுக்கு அவளை ஊர் ஊரா இழுத்தடிக்காதே."

வைத்துவிட்டாள். வை, வை. உன் நாற்காலியில் நீயே உட்கார்.

ஜனவரி 27

இன்று அவளால் ஸ்வெட்டர் பொத்தான் போட முடியவில்லை. நான்தான் போட்டேன். படுக்கையில் ஏற வைத்திருக்கிற சின்னப் படியில் கால் தூக்க முடியாமல் அப்படியே நின்றாள், நான் காலைப் பிடித்துத் தூக்கி வைத்தேன்.

ஷவர் வாசல் அந்தப் படியைவிட உயரம்.

அப்படியென்றால் எப்படி—

வேண்டாம். குளிக்கிறாள். சத்தம் கேட்கிறது. தலை ஈரமாக இருக்கிறது. கதவு நல்லபடியாக ஓடுவதால் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறாள். வேறென்ன இருக்க முடியும்?

பிப்ரவரி 2

காலையில் ஜெனீவா துண்டும் சோப்புப் பையுமாக வந்து நின்றாள். "யோவ், என் வண்டியில சுடுதண்ணிப் பெட்டி செத்துப்போச்சு. உன் பேர்பெற்ற கதவுக்குள்ள ஒரு தடவை குளிச்சுக்கிறேன்."

எனக்கு என்ன ஆட்சேபம்? சந்தோஷம்தான். ஆனால் மார்லிஸ், "பார்க் ஆபீஸ் பக்கத்துல பொதுக் குளியலறை இருக்கே," என்று வெடுக்கென்று சொன்னாள். அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "என்னடி இது, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு இதுகூடவா," என்று அவளை அடக்கிவிட்டு ஜெனீவாவை உள்ளே அனுப்பினேன். மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெனீவா பாடிக்கொண்டே குளித்தாள். வெளியே வந்து, "வைப்பர் போட்டு வழிச்சுட்டேன், சாமி கும்பிட்டுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் பிரஷோடு போனேன். மேல் ஜன்னலிலிருந்து வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்தது. நடுவில் சுத்தம். வைப்பர் எட்டாத ஓரங்களில், நாலு மூலையிலும், சட்டத்தை ஒட்டி, மாவு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பள்ளத்தில் சோப்புக் கூழ். அதில் ஜெனீவாவின் செம்பட்டை முடி ஒரு சுருள்.

விசில் அடித்துக்கொண்டே பாதி தேய்த்திருப்பேன். அப்புறம் பிரஷ் நின்றுவிட்டது.

ஒருத்தி ஒரே ஒரு தடவை குளித்ததற்கு இவ்வளவு.

சோப்புப் பெட்டியைப் பார்த்தேன். மார்லிஸின் சோப்பு, நான்தான் புதுசாக எடுத்து வைத்தது, மேலே பொறித்த எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. இத்தனை நாள் நான் பள்ளத்திலிருந்து தட்டி எடுத்தது என்ன? காய்ந்த தூசி. தினமும் குளிக்கிற இடத்துல காய்ந்த தூசி எப்படிடா இருக்கும், மடப்பயலே? உன் கண் என்ன பொட்டையா?

சத்தம்? கை ஷவரை எடுத்துத் தரையில் பிடித்தால் சத்தம் வராமல் என்ன செய்யும். கதவைக் கொஞ்சம் தள்ளி, கையை மட்டும் உள்ளே விட்டு, தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, கக்கூஸ் மூடிமேல் உட்கார்ந்து துணியால் துடைத்துக்கொள்கிறாள். தலையை வாஷ்பேசினில் நனைத்துக்கொள்கிறாள். மூன்று வாரமாக! நான் வெளியே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மாட்டிக்கொண்ட பிறகு அவள் உள்ளே கால் வைக்கவே இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

பிப்ரவரி 3

கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவாள்.

பிப்ரவரி 4

இன்றும் போய் ஜெனீவாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்றும் தண்ணீர் ஓடியது, நின்றது, ஓடியது. சோப்புப் போடுகிற இடைவெளியைக்கூடச் சரியாக விடுகிறாள். யாருக்காக இந்த நாடகம்? எனக்காகத்தானே. அரை மணி கழித்து நான் போய்க் காய்ந்த பள்ளத்தைக் காய்ந்த பிரஷால் தேய்த்தேன். அவளுக்குக் கேட்கட்டும் என்று, "அப்பப்பா, இன்னிக்கு எவ்வளவு சோப்பு அழுக்கு!" என்று சத்தமாகச் சொன்னேன்.

"அப்படியா?" என்றாள் அடுப்படியிலிருந்து.

கிழங்கள் இரண்டும் நன்றாக நடிக்கிறோம்.

பிப்ரவரி 6

கையைத் தூக்கும்போது முகம் சுளிக்கிறாள். சட்டை மாற்றும்போது பார்த்தேன், அக்குளுக்குக் கீழே தோல் செக்கச்செவேல் என்று வெந்து கிடக்கிறது. மார்புக்கு அடியிலும் இருக்கும். "வேர்க்குரு," என்றாள். பிப்ரவரி மாதத்தில் வேர்க்குரு.

நான் வாயைத் திறந்தால் அவள் மினசோட்டாவுக்குப் போவாள். திறக்காவிட்டால் அவள் தோல் அழுகும். கடவுளே, இதில் எதை நான் எடுப்பது? அவள் இல்லாமல் இந்த வண்டியில் நான் என்ன செய்வேன்? எங்கே போவேன்? காலையில் யாருக்குக் காப்பி கலப்பேன்? எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஓட்டத் தெரியும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 7

சனியன் பிடித்த கதவு. எவ்வளவு நன்றாக ஓடுகிறது!

பிப்ரவரி 8

காலையில் அவள் துண்டை எடுத்துக்கொண்டு நின்றபோது, நான் வெளியே போகாமல் திருப்புளியை எடுத்தேன். மேல் சட்டத்தைக் கழற்றினேன். கதவு ஒன்றைத் தூக்கி வெளியே வைத்தேன். அடுத்ததையும்.

"என்ன பண்றே?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். சட்டத்தின் அடுத்த திருகைக் கழற்றினேன்.

சட்டமும் வெளியே போன பிறகு அந்த மூலை வெறும் மூலையாக இருந்தது. மார்லிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். துண்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்போ தெரியும்?"

"ஜெனீவா குளிச்ச அன்னைக்கு."

"அதுக்கப்புறமும் தினம் போய்த் தேய்ச்சியே?"

"நீயும் தினம் தண்ணியைத் திறந்து விட்டியே."

அவள் சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. "உள்ள கால் வெச்சாலே அன்னைக்கு மாதிரி மூச்சு அடைக்குது எல்டன். கதவு திறந்திருந்தாலும் அடைக்குது. நீ சொன்னா சரிபண்ணிருவேன்னு கிளம்புவே. இன்னொரு சக்கரம் வாங்குவே. அதான் சொல்லலே."

"ஆர்டிஸ் வீட்டுக்குத்தான் போயிருக்கலாமே. அதானே உன் நிபந்தனை. எதுக்கு இந்தக் கூத்து?"

"உன்னை விட்டுப் போக எனக்கு மட்டும் மனசு வருதாக்கும், மடையா!"

அழுதேன். மறைக்கவில்லை. அவளும் அழுதாள். அப்புறம் நான் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுபோய் உள்ளே போட்டு, அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். புண்ணான இடத்தில் தண்ணீர் பட்டதும் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். நான் பயத்தில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். தரையெல்லாம் தண்ணீர், கம்பளம் நனைந்து நாசம்.

துவட்டி முடித்து, சட்டை போட்டுவிட்டு, மருந்து தடவி, எல்லாம் ஆன பிறகு கண்ணைத் திறந்தாள். "ஆர்டிஸுக்கு போன் போடு," என்றாள்.

பிப்ரவரி 9

கெஞ்சினேன். வெட்கமில்லாமல் கெஞ்சினேன். "யாருக்குத் தெரியப்போகுது? நீ சொல்லாதே, நானும் சொல்லலே."

"எனக்குத் தெரியும்."

"நிபந்தனை போட்டது நீ. நீயே மாத்திக்கோ."

"மாத்தினா, நாளைக்கு நீ என்னைத் தூக்கும்போது இடுப்பு உடைஞ்சு நீ விழுவே. அப்புறம் ரெண்டு பேரையும் யாரு தூக்குறது? ஜெனீவாவா?"

நேற்றிலிருந்து என் இடுப்பு விண் விண் என்று தெறிக்கிறது, அது அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

பிப்ரவரி 11

கிளம்பினோம். கதவு இரண்டையும் ஜெனீவா எடுத்துக்கொண்டாள், தக்காளிச் செடிக்குக் குளிர் படாமல் மூடி வைப்பாளாம். மார்லிஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. என்னிடம் வந்து, "ஓட்டத் தெரியும்ல? பார்த்து ஓட்டு கிழவா," என்றாள். அவள் குரலும் சரியில்லை.

பிப்ரவரி 13

மலை ஏறி இறங்கினோம். மார்லிஸ் வழி சொல்கிறாள், நான் திருப்புகிறேன்.

பிப்ரவரி 15

பனி ஆரம்பித்துவிட்டது. வண்டித் தண்ணீரை எல்லாம் வடித்துவிட்டேன். ஷவர் மூலையில் பெட்டிகளை அடுக்கியிருக்கிறோம். அவளுடைய பெட்டிகள் மட்டும்.

பிப்ரவரி 16

ஆர்டிஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு. தங்கையைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். என்னைப் பார்த்து, "வண்டியை ஓரமா நிறுத்து, பனி வழிக்கிற ஆள் வருவான்," என்றாள். அவ்வளவுதான்.

கரண்ட் ஒயர் இழுத்து ஹீட்டர் போட்டுக்கொண்டு வண்டியிலேயே படுத்தேன். அவள் படுக்கிற பக்கம் கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். நாளைக்குத் தெற்கே கிளம்பச் சொல்கிறாள் மார்லிஸ். கிளம்ப வேண்டும். கிளம்பத்தான் வேண்டும்.

பிப்ரவரி 17

கிளம்பவில்லை. பேட்டரி சோதிக்க வேண்டும் என்று சொன்னேன்.

பிப்ரவரி 18

டயரில் காற்றுக் குறைவு என்று சொன்னேன். மார்லிஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு டயரையும் ஒவ்வொன்றாக உதைத்துக் காண்பித்தேன்.

பிப்ரவரி 19

காலையில் வண்டிக் கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். திறந்தால் ஆர்டிஸ். கை முழங்கை வரை நனைந்து, மூக்கு நுனியில் சோப்பு நுரை.

"வா," என்றாள். "உன் பொண்டாட்டி என்னைக் கிட்ட விட மாட்டேங்கிறா. நேத்தும் இதே கதைதான், நான் உன்கிட்ட சொல்லலே. ரெண்டு நாளா நாற்காலியில உக்காந்துக்கிட்டு துண்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'நீ என்னைக் கறிச்சட்டி மாதிரி தேய்க்கிறே'ன்னு சண்டை. என் மேல தண்ணி ஊத்திட்டா எல்டன். எனக்கு எழுபத்தாறு வயசு ஆகுது!"

எல்டன். இந்த அம்மா என் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பனியில் விழுந்து எழுந்து ஓடினேன். மார்லிஸ் நாற்காலியில் தாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் முழுக்க நுரை, மறுபக்கம் காய்ந்திருந்தது. நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

"கிளம்பலையா நீ?"

"டயர்ல காத்து இல்லை."

"பொய்."

"ஆமா, பொய்தான். இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? அங்கேயே இதைத்தானே செஞ்சேன்?"

"இங்க தூக்கிவிட ஆர்டிஸ் இருக்கா, உன் இடுப்பு உடையாது," என்றாள். "பேசாம முதுகைத் தேய். மேல. இன்னும் மேல. அக்குள்ல மெதுவா."

தேய்த்தேன். கண்ணை மூடவில்லை அவள். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கலங்கித் தெரிந்தது. எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் ஆர்டிஸைக் கூப்பிட்டேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "ஒண்ணு, ரெண்டு, தூக்கு," என்று ஆர்டிஸ்தான் அதிகாரம் பண்ணினாள். மார்லிஸ் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, "ரெண்டு பேரும் மூச்சு விடுறதைப் பார்த்தா எனக்கு முன்னாடி நீங்க போயிருவீங்க போல," என்றாள்.

பூட்ஸை வாசலில் ஈரத்தோடு கழற்றிப் போட்டுவிட்டு ஓடியிருந்தேன். காலுறை நனைந்து சமையலறைத் தரையில் தடம் தடமாகத் தண்ணீர். இதற்கு நிச்சயம் திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே வாசலுக்குப் போனேன். பூட்ஸ் துடைத்து, கணப்புப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு, ஆம்பிளைச் செருப்பு. ஆர்டிஸின் புருஷன் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்கு ஆகிறது.

"குளிர் ஏறும், போட்டுக்கோ," என்றாள் ஆர்டிஸ், அடுப்பைப் பார்த்தபடி. "மேஜையில முட்டை ஆறுது."

போட்டுக்கொண்டேன். பெருவிரல் இடிக்கிறது.